கரண்ட் வைத்த இடத்தில் ஆறாத புண்

வணக்கம் நேயர்களே.

வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை, நம் ஊர்ப் பேச்சில் 'கரண்ட்', வைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு நோய் போய்ப் பல வருடம் கழித்து அதே இடத்தில் புண் வரும். பல் ஒன்றைப் பிடுங்கியிருப்பார்கள், இல்லை சட்டைக் காலர் உரசியிருக்கும். களிம்பு மாறும், மாத்திரை மாறும், கட்டுப் போடும் ஆள்கூட மாறும். புண் மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் புண்ணை மூடும் அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமாக 60 முதல் 70 கிரே வரை கதிர்வீச்சு தருகிறோம். கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. தினம் 2 கிரே, வாரம் 5 நாள், மொத்தம் ஆறேழு வாரம். புற்றைக் கொல்லும் அந்த அளவு, பக்கத்தில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் விட்டு வைக்காது. குழாயின் உள்சுவர் தடித்து வழி குறுகும். தோலுக்கு அடியில் தழும்பு இறுகும். சிகிச்சை முடிந்த பிறகும் இது மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆறாத புண் என்றால் எடுத்த எடுப்பிலேயே கரண்ட் மேல் பழி போடவும் கூடாது. பழைய நோயே திரும்பி வந்திருக்கலாம். அதனால் சதைத் துண்டு எடுத்துச் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

'தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டிவிடுங்களேன் டாக்டர்' என்று கேட்பார்கள். சீவி எடுத்த தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. ஒட்டிய இடத்தில் இருந்து புதுக் குழாய்கள் முளைத்து வந்துதான் அதைக் காப்பாற்ற வேண்டும். கரண்ட் வாங்கிய இடத்தில் அதற்கு வழியில்லை. வாய்க்கால் வற்றிய வயலில் நாற்று நட்ட கதைதான். அதனால்தான் ஃபிளாப். தோலை, தேவைப்பட்டால் அடியில் உள்ள தசையோடு சேர்த்து, அதன் ரத்தக் குழாயை அறுக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மூடுகிறோம்.

புண்ணுக்குப் பக்கத்திலேயே தோல் எடுத்தால் லோக்கல் ஃபிளாப். நிறம் ஒத்துப்போகும், ஆபரேஷனும் சின்னது. ஆனால் பக்கத்துத் தோலும் அதே கரண்டை வாங்கியிருக்குமே! பார்வைக்கு நன்றாக இருக்கும், தூக்கித் திருப்பினால் நுனி கறுத்துப்போகும். அதனால் முதலில் கிள்ளிப் பார்ப்போம். கிள்ள வராத, பளபளப்பான, கருத்த தோலை நம்ப மாட்டோம். ஆண்களுக்குத் தாடி முளைக்காத பகுதியே பெரும்பாலும் எல்லையைக் காட்டிவிடும். ஃபிளாப்புக்கு ரத்தம் வரும் அடிப்பகுதியாவது அந்த எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும்.

கழுத்தும் தாடையும் பெரும்பாலும் முழுதாகவே கரண்ட் வாங்கியிருக்கும். அப்போது நெஞ்சுக்குப் போகிறோம். 1965-இல் அமெரிக்காவில் பகம்ஜியன் என்ற அறுவை மருத்துவர் மேல் நெஞ்சின் தோலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறையை வெளியிட்டார். 1979-இல் ஆரியன் என்பவர் நெஞ்சுத் தசையையே தோலோடு சேர்த்து, காரை எலும்புக்குக் கீழிருந்து வரும் தமனியின் தயவில் வாய் வரைக்கும் கொண்டுபோகலாம் என்று எழுதினார். அந்தத் தசை புண்ணை அடைப்பதோடு, கழுத்தின் பெரிய தமனி மேல் போர்வையாகவும் கிடக்கும். கரண்ட் வாங்கிய கழுத்தில் அந்தத் தமனி வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போது தொடைத் தோலைக் குழாயோடு கழற்றி, மைக்ராஸ்கோப் வைத்துக் கழுத்துக் குழாயோடு தைக்கிறோம். அருமையான முறைதான். ஆனால் தைப்பதற்குக் கழுத்தில் நல்ல குழாய் மிச்சம் இருக்க வேண்டுமே. வயதானவர், சர்க்கரைக்காரர், ஏற்கெனவே அறுத்த கழுத்து என்றால் நான் யோசிக்காமல் நெஞ்சுத் தசைக்கே போவேன். 'பழைய ஆபரேஷனா?' என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒரு தொல்லை உண்டு. ஆண்களுக்கு நெஞ்சு முடி வாய்க்குள் வளரும்! கேட்பவருக்குச் சிரிப்பு, சாப்பிடுபவருக்கு எரிச்சல். அவ்வப்போது கத்தரித்துவிடலாம்.

ஆபரேஷனில் கெட்டுப்போன விளிம்பை ரத்தம் கசியும் வரை வெட்டிவிட்டுத்தான் தைப்போம். முதல் இரண்டு மூன்று நாள் நர்ஸ் அடிக்கடி வந்து ஃபிளாப்பைப் பார்ப்பார். வெளுத்தால் ரத்தம் போய்ச் சேரவில்லை, நீலம் பூத்து வீங்கினால் ரத்தம் திரும்பவில்லை. கழுத்தைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத தோல், ஒத்தடம் கொடுத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. தையலை வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் பிரிப்போம், அவசரப்படுத்தாதீர்கள்.

இனிமேல்தான் கரண்ட் வைக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வைத்தவர்கள் அந்தச் சிகிச்சை ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். எந்த இடம், எத்தனை கிரே, எந்த வருடம் என்று அதில் இருக்கும். எங்களிடம் வரும்போது ஸ்கேன் படத்தோடு அதையும் கையில் எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.