இரண்டு நிமிட வீடியோ, அரை மணி நேரப் பேச்சு: ஆசிரியருக்கு மென்டரிங் எப்படி உதவுகிறது?

[திரையில்: ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகை முன் ஆசிரியர்.]

ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு நொடி போகிறது. யாரும் வாய் திறக்கவில்லை. பதிலையும் அவரே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் இது சர்வ சாதாரணம்; பாடம் நடத்துபவர் கண்ணில் மட்டும் படாது. பயிற்சி முகாமில் "மாணவர்களைப் பேச விடுங்கள்" என்று சொன்னால் அவரும் ஆமோதிப்பார். தான் பேச விடுவதாகத்தான் அவர் மனதார நம்புகிறார்.

அந்த ஒரு நொடியை அவருக்கே காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மென்டர், அதாவது வழிகாட்டும் பயிற்றுநர்; அவர் செய்வதுதான் மென்டரிங்.

[திரையில்: வர்ஜீனியா வரைபடம்.]

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆய்வாளர்கள் ஜோசப் ஆலன், ராபர்ட் பியான்டா குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். 78 ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மென்டரிங் கொடுத்தார்கள். முடிவுகள் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன.

நடைமுறை இதுதான். ஆசிரியர் தன் வகுப்பை வீடியோ எடுத்து அனுப்புவார். பயிற்றுநர் முழுவதையும் பார்த்து, ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகள் சிலவற்றை மட்டும் வெட்டி எடுப்பார். ஒவ்வொன்றோடும் ஒரு கேள்வி இருக்கும். "இங்கே அந்த மாணவி பாதி பதில் சொன்னாள். அடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள்? அதனால் அவள் என்ன செய்தாள்?" ஆசிரியர் பார்த்து எழுதுவார். பிறகு 20, 30 நிமிடம் போனில் பேசி, அடுத்த வகுப்பில் மாற்றிப் பார்க்க வேண்டியதை முடிவு செய்வார்கள். மாதத்துக்குச் சுமார் இரண்டு சுற்று. 13 மாதங்களில் மொத்தமே ஏறக்குறைய 20 மணி நேரம்.

துண்டு தேர்ந்தெடுப்பதில்தான் பயிற்றுநரின் திறமை இருக்கிறது. குறையை மட்டும் வெட்டி அனுப்பினால் ஆசிரியர் தற்காப்பில் இறங்குவார். நன்றாக நடந்த இடமும் அதில் இருக்க வேண்டும். கேள்விக்குப் பின் மூன்று நொடி காத்திருந்த ஓர் இடம் அதே வகுப்பில் கிடைத்தால், அதை ஒரு நொடிக் காட்சிக்குப் பக்கத்தில் வையுங்கள். அறிவுரையே தேவைப்படாது.

[திரையில்: 50 → 59]

பலன்? முதல் ஆண்டில் மாணவர் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, புதிய மாணவர்களிடம் தெரிந்தது. நூறு பேரைக் கீழிருந்து மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், 50ஆம் இடத்தில் இருக்க வேண்டிய மாணவர் 59ஆம் இடத்துக்கு வந்த அளவு. முதல் ஆண்டு முடிவிலேயே "பயனில்லை" என்று திட்டத்தை நிறுத்துகிறவர்கள் இந்தத் தாமதத்தைக் கவனிக்க வேண்டும். பழக்கம் மாறி, அது கைவந்து, பிறகுதான் தேர்வுத்தாளில் தெரியும்.

எங்கே கெடுகிறது? மென்டரே மதிப்பீட்டு அறிக்கையும் எழுதினால் முதலில் போவது நம்பிக்கை. ஆசிரியர் ஒத்திகை பார்த்த வகுப்பைத்தான் அனுப்புவார், சிக்கலான வகுப்பை மறைப்பார். எங்கள் பார்வையில் மற்ற எல்லாத் தவறையும்விட இதுதான் பெரிது. ஒரே சந்திப்பில் பத்துத் திருத்தம் சொன்னால் ஒன்றும் நிற்காது, ஒன்று போதும்.

நேரத்தையும் ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் புதிய ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு வழிகாட்டல் உண்டு. வகுப்பு நேரம் முதல் ஆண்டு 10 சதவீதமும், இரண்டாம் ஆண்டு 5 சதவீதமும் குறைக்கப்படுகிறது. வாரம் 30 பீரியட் என்றால் முதல் ஆண்டில் மூன்று பீரியட் குறையும். அங்கும் மென்டராக இருக்கும் மூத்த ஆசிரியரின் பணிச்சுமைதான் ஓயாத புகார்.

பெரிதாக விரிக்கும்போதும் கவனம் தேவை. ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் குழு 2018இல் இத்தகைய மென்டரிங் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சிறு திட்டங்களில் கிடைத்த பலன் பெரிய திட்டங்களில் கணிசமாகக் குறைந்திருந்தது. மணி நேரத்தைக் கூட்டியதால் மட்டும் பலன் கூடியதாகவும் தெரியவில்லை. அதனால் ஒரு பள்ளியில் தொடங்குவதானால், வகுப்பைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்த இரண்டு பேரைத் தேடுங்கள், அவர்களுடைய பீரியட்களைக் குறையுங்கள், ஆளுக்கு மூன்று நான்கு ஆசிரியர்களை மட்டும் ஒப்படையுங்கள். மதிப்பெண் கணக்கை இரண்டாம் ஆண்டில் பாருங்கள்.