உயர்ந்தன்று என்றால் உயரவில்லையா?

தமிழாசிரிய நண்பர்களே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருத்தும் முகாமில் என் மேசைக்கு வந்த இரண்டு விடைத்தாள்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகலைத் தமிழ், சங்க இலக்கியத் தாள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு: “நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே.” தலைவனோடு கொண்ட நட்பைத் தலைவி சொல்வது. விளக்குக என்பது வினா.

ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். பாடியவர் தேவகுலத்தார், குறிஞ்சித்திணை, கருங்கோல் குறிஞ்சிப் பூ, பெருந்தேன் என எல்லாம் வரிசையாக இருந்தன. அதே கட்டில் இன்னும் பல தாள்களில் அதே சொற்றொடர்கள். எல்லாம் ஒரே நோட்ஸின் பிள்ளைகள். இன்னொருவர் எழுதியது அரைப் பக்கம். “நட்பு நிலத்தைவிடப் பெரியது, ஆனால் வானைவிட உயர்ந்தது அன்று” என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அடியில், “நிலத்தை வென்ற நட்பு வானிடம் ஏன் தோற்கிறது என்று விளங்கவில்லை.”

விடைக்குறிப்பின்படி முன்னவருக்கு 10க்கு 8, பின்னவருக்கு 2. போட்டுவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

பின்னவர் தவறியது உண்மைதான். ‘உயர்ந்தன்று’ எதிர்மறை அல்ல. உயர்ந்தது என்பதே பொருள். அன் சாரியையோடு து விகுதி புணர்ந்து ‘ன்று’ என நிற்கும் பழைய வினைமுற்று அது. ஆனால் அவர் பாட்டைப் படித்திருக்கிறார். முன்னவர் படித்தாரா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

அதற்குப்பின் என் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத குறுந்தொகை ஆறாம் பாட்டைப் புலவர் பெயரும் திணையும் இல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். “நள்ளென்றன்றே யாமம்” என்று தொடங்கும்; ஊரெல்லாம் உறங்க, தான் மட்டும் உறங்காத தலைவியின் பேச்சு. தமிழ் லெக்சிகன் அகராதியைப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். மனப்பாடத்தில் முன்னே நின்றவர்கள் திணறினார்கள். உள்ளே வரும் ‘முனிவின்று’ என்பதற்கு ஒருவர் “இன்று கோபம்” என்று பொருள் எழுதினார். வெறுப்பு இல்லாமல் என்பதல்லவா அது! சுமாரான மாணவி என்று நான் நினைத்திருந்த ஒருவர், ‘நள்ளென்றன்று’ என்பதன் கீழே கோடிட்டு, “மூன்றாம் பாட்டில் வந்த அதே ன்று” என்று குறித்திருந்தார். மதிப்பிட வேண்டியது இதைத்தான்.

கேம்பிரிட்ஜில் லத்தீனும் கிரேக்கமும் படிப்பவர்களுக்கு, முன்பின் பார்த்திராத பகுதியை மொழிபெயர்க்கும் தேர்வு நெடுங்கால வழக்கம். அதிலும் குறை உண்டு. கவிதை வெறும் புதிராகிவிடும். ஆனாலும் உருப்போட்டு அதில் தப்ப முடியாது. நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1880இல் குடந்தையில் உ.வே.சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கியபோது, அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அதுதான் முன் காணாத பாடம். ஏழு ஆண்டுகள் கழித்து அந்நூல் சாமிநாதையர் பதிப்பாக அச்சில் வந்தது.

“முகாமில் கட்டுக்கட்டாகத் திருத்துகிறோம், இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். முழுத் தாளையும் மாற்றச் சொல்லவில்லை. 75 மதிப்பெண்ணில் 15ஐ ஒரு புதிய பாட்டுக்கு ஒதுக்குங்கள். சொல் பிரிப்புக்கு 5, வினைமுற்றையும் எச்சத்தையும் இனங்காண 5, பொருளுக்கு 5. பாடியவர் யார் என்று கேட்க வேண்டாம். அது நூலின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது.

அந்த அரைப் பக்கத் தாள் இப்போது என் கைக்கு வந்தால் 10க்கு 5 போடுவேன். நான்கு, சரியாகப் படித்த வரிகளுக்கு. ஒன்று, ஓரத்தில் இருந்த பென்சில் கேள்விக்குறிக்கு.