பொண்ணோட காலேஜ் ஹாக்கி முடியுது, எதைச் சொல்லிப் பெருமைப்படறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமா இருக்கு, சுருக்கிப் படிக்கிறேன். மாசசூசெட்ஸ்ல இருக்கற ஒரு அம்மா கேட்டிருக்காங்க.

"எங்க பொண்ணு நாலு வருஷமா காலேஜ்ல ஐஸ் ஹாக்கி ஆடறா. டிவிஷன் 1 டீம், அதாவது காலேஜ் ஆட்டத்துல மேல் மட்டம். ஆனா ஸ்டார் எல்லாம் இல்லை, நாலாவது லைன், அதாவது மாத்தி மாத்தி இறங்கற செட்டுகள்ல கடைசி செட். இந்த சீசனோட முடியுது. அடுத்த மாசம் சீனியர் நைட், கடைசி வருஷம் ஆடறவங்களுக்கு நடத்தற வழியனுப்பு விழா. சொந்தக்காரங்க எல்லாரும் 'அடுத்து ப்ரொஃபஷனலா ஆடுவாளா'ன்னு கேக்கறாங்க. இல்லைன்னு சொல்றப்போ ஏதோ நாங்க கோட்டை விட்ட மாதிரி இருக்கு. எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. எதைச் சொல்லிப் பெருமைப்படறதுன்னுதான் தெரியல. அன்னிக்கு அவ முன்னாடி அழுதுடுவேனோன்னு பயமாவும் இருக்கு. நீங்க இதையெல்லாம் தாண்டி வந்தவர், சொல்லுங்க."

தாண்டிட்டேனான்னு தெரியலம்மா. என் பையன் முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. அவனோட ஹாக்கி பை இன்னும் எங்க கராஜ்லதான் கிடக்கு. அந்த நாத்தம் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். என் மனைவி வாரம் ஒரு தடவை "இதைத் தூக்கிப் போடுங்க"ன்னு சொல்லுவா. ஒரு தடவை நான் நிஜமாவே தூக்கப் போனேன், "இருக்கட்டும் விடுங்க"ன்னுட்டா.

சரி. முதல்ல அந்த ப்ரொஃபஷனல் கேள்வியை முடிச்சுடுவோம், அது சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்க. டிவிஷன் 1ல பொண்ணுங்க டீம் மட்டும் நாப்பதுக்கு மேல இருக்கு. ஒரு டீம்ல அஞ்சு பேர் முடிக்கறாங்கன்னு வெச்சுக்கிட்டாலே வருஷத்துக்கு இருநூறு பொண்ணுங்க வெளிய வர்றாங்க. அவங்களுக்குன்னு இருக்கற ப்ரொஃபஷனல் லீக், பி.டபிள்யூ.எச்.எல்., 2024 ஜனவரிலதான் ஆரம்பிச்சது. ஆறு டீம்ல ஆரம்பிச்சு 2025ல எட்டு ஆச்சு. அதுல ஏற்கெனவே அமெரிக்கா, கனடா ஒலிம்பிக் டீம்ல ஆடினவங்க, ஐரோப்பாலேருந்து வந்தவங்கன்னு உக்காந்திருக்காங்க. மிச்சம் எத்தனை இடம் இருக்கும்னு நீங்களே சொல்லுங்க. கேக்கறவங்க மேல கோபப்படாதீங்க. அவங்களுக்கு விளையாட்டுன்னா டிவில வர்றது மட்டும்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். ஆம்பளைங்களுக்கு காலேஜ் ஹாக்கி தேசிய சாம்பியன்ஷிப் 1948லேயே வந்துடுச்சு. பொண்ணுங்களுக்கு அதே சாம்பியன்ஷிப்பை, காலேஜ் விளையாட்டை நடத்தற என்.சி.ஏ.ஏ. அமைப்பு கொண்டு வந்தது 2001ல. ஒலிம்பிக்ல பொண்ணுங்க ஐஸ் ஹாக்கியே 1998ல, நகானோலதான் முதல் தடவை. அதாவது, பொண்ணுங்க காலேஜ் ஹாக்கியோட அந்த சாம்பியன்ஷிப்புக்கே உங்க பொண்ணைவிடக் கொஞ்சம்தான் வயசு ஜாஸ்தி. நீங்க கோட்டை விட்டதா நினைக்கறீங்க. நீங்க காலேஜ்ல படிச்ச காலத்துல அந்தக் கோட்டையே கட்டி முடிக்கலை.

அப்புறம், முடிச்சுக்கறதுன்னா தோத்துட்டோம்னு அர்த்தம் இல்லை. 1980ல லேக் ப்ளாசிட் ஒலிம்பிக்ல அமெரிக்கா சோவியத் யூனியனை 4-3ன்னு ஜெயிச்சது, இந்த ஊர்ல இன்னும் அதைப் பேசாத ஹாக்கி அப்பா கிடையாது. பெரும்பாலும் காலேஜ் பசங்க டீம் அது. ஜெயிக்க வெச்ச கோல் போட்டவர் கேப்டன் மைக் எருசியோனி, பாஸ்டன் யுனிவர்சிட்டில ஆடினவர். ஒலிம்பிக் முடிஞ்சதும் ஸ்டிக்கைக் கீழ வெச்சுட்டார். ஆம்பளைங்க ப்ரொஃபஷனல் லீக் என்.எச்.எல்.ல ஒரு மேட்ச்கூட ஆடலை. "அடுத்து என்ன"ன்னு அவரையும் கேட்டிருப்பாங்க இல்ல?

இப்போ உங்க நிஜமான கேள்விக்கு வர்றேன். எதைச் சொல்லிப் பெருமைப்படறது? இதுக்கு நான் என் கதையைத்தான் சொல்ல முடியும்.

என் பையன் கோலி, அதாவது கோல் கீப்பர். டிவிஷன் 3. அங்க விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் ஒரு டாலர் கிடையாது, விதியே அப்படித்தான். ஹைஸ்கூல் முடிச்சு ரெண்டு வருஷம் ஜூனியர் ஹாக்கி, காலேஜுக்கு முந்தின லீக், அதுல ஆடிட்டுத்தான் காலேஜ் சேர்ந்தான், இங்க நிறைய பசங்க அப்படித்தான் வருவாங்க. அதனால முடிக்கறப்போ 24 வயசு. "இன்னும் படிச்சு முடிக்கலையா"ன்னு எங்க பெரியப்பா ஃபோன்ல கேக்காத மாசம் இல்லை.

கோலின்னு சொல்லிட்டேன். எத்தனாவது கோலின்னு சொல்லலை. மூணாவது. உங்களுக்குப் புரியும், பாக்கறவங்களுக்காகச் சொல்றேன். டீம்ல மூணு கோலி வெச்சிருப்பாங்க. ஆடறது ஒருத்தர். அவருக்கு ஏதாவது ஆனா ரெண்டாவது ஆள். ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆனாத்தான் மூணாவது. அந்த ரெண்டு பசங்களும் நல்ல ஆரோக்கியமா இருந்தாங்க, ஆண்டவன் புண்ணியத்துல. என் பையன் பாதி மேட்சுக்கு டிரெஸ்ஸே பண்ண மாட்டான். கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு மேல உக்காந்து பாப்பான். வெளியூர் மேட்சுன்னா பஸ்ல இடம் கிடையாது.

அப்போ அவனுக்கு என்ன வேலை? பிராக்டிஸ். மத்தவங்க கோல் போட்டுப் பழகணும்ல, அதுக்கு எதிர்ல ஒருத்தன் நிக்கணும். பந்துக்குப் பதிலா அடிக்கற பக்குன்னா கெட்டி ரப்பர், 170 கிராம் வரும், மேட்சுல துள்ளாம இருக்க உறைய வெச்சு எடுத்துட்டு வருவாங்க. அது நெஞ்சுல, தோள்ல, முகமூடில வந்து அடிக்கும். கிட்டத்தட்ட 20 கிலோ கவசத்தை மாட்டிக்கிட்டு, நாலு வருஷம், தினம் அதை வாங்கினான். நான் முதல் ரெண்டு வருஷம் வெக்கப்பட்டேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு. யாராவது கேட்டா "டீம்ல இருக்கான்"னு மட்டும் சொல்லுவேன். ஆடறானான்னு கேட்டா பேச்சை மாத்திடுவேன். ஒரு தடவை அவன்கிட்டயே "கோச்சர்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா"ன்னு கேட்டுட்டேன். 22 வயசுப் பையன்கிட்ட. அவன் ஒண்ணும் சொல்லலை, ரெண்டு வாரம் ஃபோன் எடுக்கலை.

அவனோட சீனியர் நைட். ஐஸ் மேல கம்பளம் விரிச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அப்பா அம்மா கைல பூ குடுத்து நடக்க வெப்பாங்க. நானும் என் மனைவியும் வழுக்கி விழாம நடக்கறதுலயே குறியா இருந்தோம், உணர்ச்சிக்கெல்லாம் நேரமே இல்லை. மேட்ச் ஆரம்பிச்சது. மூணாவது, அதாவது கடைசி பீரியட்ல எங்க டீம் 5-1ன்னு முன்னாடி இருக்கு. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. கோச்சர் திரும்பி இவனைப் பாத்து கை காட்டறார். பெஞ்சே எழுந்து நின்னு ஸ்டிக்கால பலகையைத் தட்டறாங்க, தட தடன்னு. நாலு வருஷத்துல அவன் ஆடின மொத்த மேட்ச் அந்த ஆறு நிமிஷம்தான்.

மூணு ஷாட் வந்தது. ரெண்டைப் பிடிச்சான். ஒண்ணு காலுக்கு நடுவுல புகுந்து போயிடுச்சு. 5-2. அப்பவும் பலகையைத் தட்டினாங்க.

நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை. மேட்ச் முடிஞ்சு லாக்கர் ரூமுக்கு வெளிய நின்னுக்கிட்டிருக்கேன். ஐஸ்ல வண்டி ஓட்டி வழவழன்னு ஆக்குவாரே, ஸம்போனி ஓட்டறவர், ரொம்ப வயசானவர். வந்து, "நீங்கதான் கோலியோட அப்பாவா"ன்னார். ஆமான்னேன். "நாலு வருஷமா பிராக்டிஸ் முடிஞ்சு கடைசியா ஐஸை விட்டு இறங்கறது உங்க பையன்தான். இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கோல் வலையையும் எனக்காக ஓரமா தள்ளி வெச்சுட்டுத்தான் போவான். அடுத்த வருஷம் நானே இறங்கித் தள்ளணும்"னார். அவ்வளவுதான், போயிட்டார்.

அந்த வலை கனமானது. அதைத் தள்ளறது அவன் வேலை இல்லை. யாரும் சொல்லலை, யாரும் பாக்கலை, ஸ்கோர் ஷீட்ல அதுக்குக் கட்டம் கிடையாது. நாலு வருஷமா நான் அந்த ஷீட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பெருமைக்குப் பொருள் எதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் கைல கிடைச்சது. யாராவது கேட்டா இப்போ நான் இதைத்தான் சொல்றேன். எங்க பெரியப்பாகிட்டயும் சொன்னேன். "அப்போ வலை தள்ளவா அவ்வளவு ஃபீஸ் கட்டினே"ன்னார். அது அப்படித்தான், எல்லாருக்கும் ஏறாது.

உங்க பொண்ணுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும்மா. நாலாவது லைன்னு கொஞ்சம் இறக்கிச் சொல்லியிருக்கீங்க. ஒரு தடவை ஐஸ்ல இறங்கி ஆடற நேரம், ஷிஃப்ட்டுன்னு சொல்லுவாங்க, 40, 45 செகண்ட். அதுக்குள்ள இறங்கி, எதிர் டீமை மூலைல வெச்சு அழுத்தி, மூச்சு வாங்கிட்டு ஏறணும். பல டீம்ல பெனால்டி வந்து ஒரு ஆள் குறையறப்போ இறங்கறது இந்த லைன் ஆளுங்கதான், பறந்து வர்ற பக்குக்கு உடம்பைக் குடுக்கறதுக்கு. அவ டீம்ல அவ எதைச் செய்யறான்னு கேளுங்க. அவகிட்ட கேக்காதீங்க, சொல்ல மாட்டா. அவ லைன்ல கூட ஆடற பொண்ணுகிட்ட கேளுங்க, சாமான் பாத்துக்கறவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொல்ற ஏதாவது ஒரே ஒரு விஷயத்தை அவகிட்ட சொல்லுங்க. "ரொம்பப் பெருமையா இருக்கு"ன்னு பொதுவா சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடும் பசங்க. "அன்னிக்கு அந்த ஷாட்டை நீ விலாவுல வாங்கினதை நான் பாத்தேன்"னு சொல்லிப் பாருங்க.

அடுத்தது, அழுகை. நீங்க சீனியர் நைட்டுக்குத்தான் பயப்படறீங்க. அது கடைசி மேட்ச் இல்லையே! அது பெரும்பாலும் சொந்த ரிங்க்ல, அதாவது சொந்த ஐஸ் மைதானத்துல, லீக் மேட்சோட கடைசி. அதுக்கு அப்புறம் கான்ஃபரன்ஸ் ப்ளேஆஃப், அவங்க லீக்கோட நாக்அவுட் சுத்து, இருக்கு. அங்க ஒரு கொடுமை என்னன்னா, எது கடைசி மேட்ச்சுன்னு முன்னாடியே தெரியாது. தோக்கற அன்னிக்குத்தான் தெரியும். ப்ளேஆஃப் போற டீம்ல, தேசிய சாம்பியன் ஆகறவங்களைத் தவிர மத்த எல்லா சீனியருக்கும் கடைசி மேட்ச் தோல்விதான். அதனால சீனியர் நைட்ல பூவை வாங்கிக்கிட்டு நல்லா சிரிச்சு ஃபோட்டோ எடுத்துக்குங்க. கஷ்டம் அதுக்கு அப்புறம் ஒரு நாள், ஏதோ ஒரு வெளியூர் ரிங்க்ல, சட்டுன்னு வரும்.

அன்னிக்கு வெளிய காத்திருக்க வேண்டியிருக்கும், ரொம்ப நேரம். சீனியருங்க ஜெர்சியைக் கழட்டவே மாட்டாங்க. கழட்டினா திரும்பப் போட முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும், அப்படியே உக்காந்திருப்பாங்க. ஃபோன் பண்ணாதீங்க, மெசேஜ் அனுப்பாதீங்க. வெளிய வந்ததும் மேட்சைப் பத்திப் பேசாதீங்க. ரெஃப்ரீ அந்தப் பெனால்டி குடுத்திருக்கக் கூடாது, கோச்சர் உன்னை இன்னும் இறக்கியிருக்கணும், இதெல்லாம் வேண்டாம். சாப்பாடு இருக்கா, கார் சூடா இருக்கா, அது போதும். அழுகை வந்தா அழுங்க, அதுல என்ன தப்பு. அவ உங்களைத் தேத்தற நிலைமைக்கு மட்டும் கொண்டு போயிடாதீங்க. அன்னிக்கு அவளே தாங்க முடியாம நிக்கற பொண்ணு.

ஏன்னா உங்களுக்கும் ஒண்ணு முடியுது. அது வேற, அவளோடது வேற. காலைல அஞ்சு மணி ரிங்க்குக்காக நாலரைக்கு எழுந்து, கார் கண்ணாடில பனியைச் சுரண்டினது, வெள்ளி சனி ராத்திரி எல்லாம் ஸ்டாண்ட்ஸ்ல கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்தது, பக்கத்துல எப்பவும் அதே நாலு அம்மா அப்பா. எங்களுக்கு அந்த சீசன் முடிஞ்ச அடுத்த அக்டோபர் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரெண்டு பேரும் சோபால உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தோம். இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அந்த நாலு அம்மாக்கள்கிட்ட சொல்லுங்க. பொண்ணுகிட்ட இப்போ வேண்டாம். அஞ்சு வருஷம் கழிச்சு அவளே கேப்பா.

அவளுக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றம் இருக்கும். ஆறேழு வயசுலேருந்து "நான் ஹாக்கி ஆடறவ"ன்னு சொல்லிப் பழகின பொண்ணு. தூக்கம் மாறும், சாப்பாடு மாறும், எரிச்சல் வரும். மாசக்கணக்கா அப்படியே சோர்ந்து கிடந்தா காலேஜ்ல கவுன்சலர் இருப்பாங்க, அவங்ககிட்டப் பேசச் சொல்லுங்க, தள்ளிப் போடாதீங்க. "இன்னும் ஒரு வருஷம் ஆடேன்"னு மட்டும் நீங்களா ஆரம்பிக்காதீங்க. கோவிட் சமயத்துல பசங்களுக்கு ஒரு வருஷம் கூடுதலாக் குடுத்தாங்க, அதைப் பாத்துட்டு நிறைய அப்பா அம்மா இப்பவும் ஏதாவது வழி இருக்கான்னு தேடறாங்க. வேணும்னா அவ தேடிக்கட்டும்.

அந்தப் பை எப்படி இன்னும் கராஜ்ல இருக்குன்னு சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. என் பையன் முடிச்சதும் ஒரு வருஷம் அதைத் தொடவே இல்லை. ரிங்க் பக்கமே போகலை, டிவில மேட்ச் வந்தாலும் எழுந்து போயிடுவான். அப்புறம் ஒரு நாள் அவன் ஆஃபீஸ்ல ஒருத்தர், இங்க பெரியவங்க ராத்திரி வேளைல ஆடற லீக் ஒண்ணு இருக்கு, அதுல ஆடறவர், "நீ கோலியா"ன்னு கேட்டிருக்கார். அந்த லீக்ல எல்லாரும் காசு கட்டி ஆடணும். கோலிக்குப் பெரும்பாலும் இலவசம், ஏன்னா யாரும் கிடைக்க மாட்டாங்க. இப்போ ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு மேட்ச். தொப்பை வெச்ச நாப்பது வயசு ஆளுங்க எல்லாம் சேர்ந்து இவன்தான் வேணும்னு ஃபோன் பண்றாங்க. வந்து பையை எடுத்துட்டுப் போவான், ஆடிட்டு ஈரத்தோட கொண்டு வந்து எங்க கராஜ்ல போட்டுட்டுப் போவான். அவன் அபார்ட்மென்ட்ல நாறுதாம்.

சரி, அடுத்த கேள்வி பாப்போம்.