வெள்ளம் கடலிலிருந்தா வருகிறது?

[காட்சி: சுள்ளென்று வெயில். ஒரு தெரு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர்.]

மழை பெய்து பல நாளாகிவிட்டது. ஆனாலும் ஜகார்த்தாவின் வடக்குக் கரையோரத் தெருக்களில் தண்ணீர் நிற்பதுண்டு. கடல் ஏற்றத்தின்போது உள்ளே வந்த தண்ணீர் அது. பார்த்ததும் நமக்கு என்ன தோன்றும்? கடல் மட்டம் உயர்கிறது, உயரமாக ஒரு சுவர் கட்டு என்றுதான். கடல் உயர்வது உண்மைதான், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். ஆனால் அந்தப் பகுதியில் சில இடங்களில் நிலமே ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது!

[அனிமேஷன்: பூமிக்கடியில் மண் அடுக்குகள்.]

காலுக்குக் கீழே மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் இருக்கும் தண்ணீரும் மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு மணல் அடுக்கிலிருந்து நீரை உறிஞ்சினால், பக்கத்துக் களிமண்ணில் இருக்கும் நீரும் மெல்லக் கசிந்து வந்துவிடும். களிமண் அமுங்கும். அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் அது பழைய உயரத்துக்கு எழும்பாது.

சரி, ஜகார்த்தாவில் ஏன் இவ்வளவு உறிஞ்சுகிறார்கள்? குழாய்த் தண்ணீர் பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை. வெள்ளம் எங்கிருந்து என்று தேடிப் போனால், குடிநீர்க் குழாய் இல்லாத ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். நகர ஆய்வின் வேலையே இதுதான் என்று நினைக்கிறேன். வலி ஓரிடத்தில், வேர் வேறிடத்தில்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான நகரங்களில் வெள்ளத் தடுப்பு ஒரு துறை, குடிநீர் இன்னொரு துறை, கட்டட அனுமதி மூன்றாவது. நகர எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நிர்வாகம். நிலத்தடி நீருக்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது.

[காட்சி: பழைய டோக்கியோவின் தொழிற்சாலைப் புகைபோக்கிகள்.]

டோக்கியோவும் இப்படித் தாழ்ந்த நகரம்தான். கோட்டோ பகுதியில் சில இடங்கள் 4 மீட்டருக்கும் மேல் இறங்கின. நிலநடுக்கத்தால் இருக்குமோ, மண்ணின் இயல்போ என்று ஆரம்பத்தில் பல விளக்கங்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் தொழிற்சாலைகள் நின்றன, அவற்றுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சிய பம்புகளும் நின்றன. நிலம் தாழ்வதும் ஏறக்குறைய நின்றது! அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் தொழிற்சாலைகள் திரும்ப ஓடத் தொடங்கியதும் நிலமும் திரும்ப இறங்கியது. 1956-இல் தொழிற்சாலைக் கிணறுகளுக்கும், 1962-இல் பெரிய கட்டடங்களின் கிணறுகளுக்கும் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1970-களின் இறுதிக்குள் தாழ்வது பெருமளவு அடங்கியது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கிணற்றை மூடு என்று மட்டும் சொல்லவில்லை, தொழிற்சாலைகளுக்கு வேறு நீரைக் குழாயில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாற்று வழி தராமல் தடை மட்டும் போட்டால், கிணறு ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டப்படும்.

[திரையில்: 2018 — 55%. 2050 — 68%.]

உலக மக்களில் இத்தனை பேர் நகரவாசிகள் என்பது 2018-இல் ஐ.நா. வெளியிட்ட கணிப்பு. புதிதாகச் சேரப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பார்கள். வளரும் நகரத்தில் வீடு முன்னால் வருகிறது, குழாய் பல ஆண்டு கழித்து வருகிறது. அந்த இடைவெளியில் பிழைக்க ஒரு போர்வெல் போட்டுக்கொள்கிறவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. குழாயை முன்னால் போடாத திட்டத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். நிலம் எங்கே எவ்வளவு தாழ்கிறது என்பதை இன்று செயற்கைக்கோள் ரேடாரே மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடுகிறது. அந்த வரைபடத்தையும் குடிநீர்க் குழாய் வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டும், அவருடைய சொல் இரண்டு துறைகளிலும் செல்ல வேண்டும்.

[காட்சி: டோக்கியோ ரயில் நிலையத்தின் நிலத்தடி நடைமேடை.]

டோக்கியோவில் அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். பம்புகள் நின்றதால் நிலத்தடி நீர் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. நீர் தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய இந்த நிலத்தடி நிலையத்தை அதே நீர் கீழிருந்து மேலே தள்ள ஆரம்பித்தது. கப்பலை நிறுத்துவதுபோல, நிலையத்தை ஆழத்து மண்ணோடு நங்கூரம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.