அண்ணாந்து படிக்க வேண்டிய பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கட்டடம் மனக்காயத்தை ஆற்றுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அழைத்திருக்கிறார்கள். ஆற்றும், ஆனால் வலியை மறைத்து அல்ல என்பேன். ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அலபாமாவில் மான்ட்கோமரி நகரம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கு 1861-இல் முதல் தலைநகரம் இதுதான். பிரிந்தவர்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸுக்கு அங்கே சிலை உண்டு. வெள்ளையர் கும்பல்கள் விசாரணையின்றிக் கொன்ற கறுப்பின மக்களுக்கு 2018-இல்தான் அங்கே ஒரு நினைவிடம் எழுந்தது. வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு, மாஸ் டிசைன் குரூப் என்ற கட்டடக் கலைக் குழுவோடு சேர்ந்து உருவாக்கியது. 1877 முதல் 1950 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,400-க்கும் அதிகம் என்பது அந்த அமைப்பு திரட்டிய கணக்கு.

உள்ளே 800-க்கும் மேற்பட்ட துருநிற எஃகுத் தூண்கள். கொலை நடந்த மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண். ஏறக்குறைய ஆள் உயரம். முதலில் அவை நம் எதிரே நிற்கின்றன. பெயரையும் தேதியையும் நேருக்கு நேர் படிக்கலாம். பெயர் தெரியாதவர்களுக்கு ‘அறியப்படாதவர்’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். மூலை திரும்பியதும் தரை சரியத் தொடங்குகிறது. தூண்கள் கூடவே இறங்குவதில்லை, கூரையிலிருந்து தொங்குகின்றன. இன்னும் கொஞ்சம் போனால் அத்தனையும் தலைக்கு மேலே. பெயரைப் படிக்க அண்ணாந்தாக வேண்டும். கும்பல் கொன்று மரத்தில் தொங்கவிட்டவரை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டமும் இப்படித்தானே அண்ணாந்திருக்கும்! சரிவான தரை ஒன்றை வைத்தே வடிவமைப்பாளர்கள் இதைச் சாதித்துவிட்டார்கள். சிலை எதுவும் இதைச் செய்திருக்காது என்பது என் கட்சி.

சுவரில் காரணங்கள் எழுதியிருக்கின்றன. மிசிசிப்பியில் 1922-இல் பார்க்ஸ் பேங்க்ஸ் கொல்லப்பட்டது, ஒரு வெள்ளைப் பெண்ணின் புகைப்படத்தை வைத்திருந்ததற்காக!

இதே அமைப்பின் அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஜாடிகளில் மண் இருக்கிறது. கொலை நடந்த இடங்களுக்குப் போய், கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் தன்னார்வலர்களும் தோண்டி எடுத்த மண். ஜாடி மேல் பெயரும் ஊரும். காயம் ஆறுவது என்றால் எனக்கு இந்த வேலைதான் முதலில் தோன்றுகிறது. நூறாண்டாக வீட்டுக்குள் தணிந்த குரலில் பேசிய பெயர் பொதுவிடத்துக்கு வந்துவிடுகிறது.

வெளியே புல்வெளியில் அதே தூண்களின் நகல்கள், சவப்பெட்டிகளை அடுக்கியதுபோல் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தந்த மாவட்டம் தன் தூணை எடுத்துப்போய்த் தன் ஊரில் நிறுத்த வேண்டும் என்பது திறந்தபோதே சொன்ன திட்டம். எந்த மாவட்டம் எடுக்கவில்லை என்பதை வருகிறவர் எவரும் பெயரோடு படித்துக்கொள்ளலாம் என்பதே எண்ணம்.

வணக்கம்.