தராசில் தொடங்கும் சண்டை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஆகஸ்ட் மாதம் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது நகரியிலும் புத்தூரிலும் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். போட்டியன்று காலை எடை பார்த்தார்கள். 100 கிராம் கூடுதல். தகுதி இல்லை என்று நீக்கிவிட்டார்கள். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர் முதல் பஸ் நடத்துநர் வரை எல்லாரும் கொதித்தார்கள். எனக்கும் மனம் ஆறவில்லை. ஆனால் தராசு ஒரு வீரரைச் சாய்ப்பது விளையாட்டு உலகில் புதிது அல்ல. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் பேசப்போவது குத்துச்சண்டை. அதிலும் ஃப்ளைவெயிட் பிரிவு. பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். குத்துச்சண்டை என்றதும் முகமது அலி, டைசன் என்று மலை போன்ற ஆட்களின் பெயரைத்தான் நம் ஊரில் சொல்கிறார்கள். எனக்கோ சின்ன உடம்புக்காரர்கள் மேல்தான் தீராத ஆசை. தொழில்முறை ஃப்ளைவெயிட் வீரரின் எடை 112 பவுண்டைத் தாண்டக் கூடாது. கிலோவில் சொன்னால் 50.8. கடையில் வாங்கும் ஒரு சிமென்ட் மூட்டையின் எடை 50 கிலோ. அவ்வளவுதான் அந்த மனிதர். இந்த 112 பவுண்டு வரம்பை லண்டனில் இருந்த நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909-ல் வகுத்தது. சிறிய உடலோடு பிறந்தவனும் தன் அளவுக்கு ஒத்தவனோடு மோதி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வந்த வரம்பு அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு நெடுக இதற்கே திரும்பத் திரும்ப வருவேன்.

பாஞ்சோ வில்லா என்று ஒருவர். மெக்சிகோவின் புரட்சிக்காரரை நினைத்துக்கொள்ளாதீர்கள், இவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். பிறந்தது 1901 ஆகஸ்ட் 1, நீக்ரோஸ் தீவில். இயற்பெயர் பிரான்சிஸ்கோ கில்லெடோ. தகப்பன் ஆதரவு இல்லாத பிள்ளை. இலோய்லோ நகரத் தெருக்களில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். பிறகு மணிலாவுக்குப் போனார். அமெரிக்க ராணுவத்தோடு அந்த நாட்டுக்கு வந்த விளையாட்டு குத்துச்சண்டை. 1919 வாக்கில் இவரும் ரிங்கில் ஏறினார். உயரம் 5 அடி 1 அங்குலம். நம் பள்ளிகளில் காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்கும்போது முதல் ஆளாக நிறுத்தப்படுகிற பையனின் உயரம்.

1922-ல் மேலாளர் பிராங்க் சர்ச்சில் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே முதல் சண்டைகள் சரியாக அமையவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜானி பஃப் என்பவரை 11-வது சுற்றில் வீழ்த்தி அமெரிக்க ஃப்ளைவெயிட் பட்டத்தை வாங்கினார். 1923 மார்ச்சில் பிராங்கி ஜெனாரோவிடம் அந்தப் பட்டத்தை இழந்தார். ஜெனாரோ 1920 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், லேசுப்பட்டவர் அல்லர். உலகச் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு நியாயப்படி ஜெனாரோவுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவர் அதிகப் பணம் கேட்டதால் வாய்ப்பு வில்லாவுக்கு வந்தது என்று சொல்கிறார்கள்.

அந்த உலகச் சாம்பியன் யார் தெரியுமா? ஜிம்மி வைல்ட். இவரைப் பற்றிப் பேசாமல் என்னால் நகர முடியாது, நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். சிறு வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கியவர். பெரிய ஆட்கள் நுழைய முடியாத சந்துகளில் இந்தச் சின்னப் பையன் ஊர்ந்து போய் நிலக்கரி வெட்டுவான். திருவிழாக் கூடாரங்களில் யார் வந்தாலும் மோதுவார். எதிரே நிற்பவர் ஒன்றரை மடங்கு எடை இருந்தாலும் பின்வாங்க மாட்டார். கைகளை இடுப்பருகே தொங்கவிட்டு நிற்பார், முகத்தைக் காப்பதாகவே தெரியாது. அடி வரும்போது தலை அங்கே இருக்காது. திருப்பி அடிக்கும்போது அந்தக் குச்சிக் கையில் எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ! "கையில் சுத்தியல் பிடித்த பேய்" என்றே அவரைச் சொன்னார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வரம்பு 112 பவுண்டு. வைல்ட் பல சண்டைகளில் 100 பவுண்டைக்கூடத் தொடவில்லை. எடை குறைப்பதற்காக ஒரு வேளை பட்டினி கிடக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. உடம்பே அப்படி. ஃப்ளைவெயிட் பிரிவு யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அந்த மனிதர் அவர். வில்லாவும் அப்படித்தான்.

இருவரும் 1923 ஜூன் 18 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் மோதினார்கள். வைல்டுக்கு 31 வயது. 1921 ஜனவரியில் தன்னைவிடப் பெரிய பீட் ஹெர்மனோடு மோதி 17-வது சுற்று வரை அடிவாங்கிய பிறகு அவர் ரிங்கில் ஏறவே இல்லை. வில்லாவுக்கு 21 வயது. அன்று வில்லா ஓயவே இல்லை. இரண்டாவது சுற்று முடிந்து மணி அடித்த நேரத்தில் விழுந்த ஒரு குத்து வைல்டை நிலைகுலைய வைத்தது. மணிக்கு முன்னா பின்னா என்று பெரிய தகராறே எழுந்தது. அதன் பிறகும் வைல்ட் முன்னேறிக்கொண்டே இருந்தார். கண் வீங்கி மூடியது. முகம் அடையாளம் தெரியாமல் போனது. ஏழாவது சுற்றில் முகம் குப்புற விழுந்தார். அதுதான் அவருடைய கடைசிச் சண்டை. பாஞ்சோ வில்லா ஃப்ளைவெயிட் உலகச் சாம்பியன் ஆனார். ஆசியாவில் பிறந்த ஒருவர் தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வாங்கியது அதுவே முதல் முறை. பாலிஷ் போட்ட பையன்! மணிலாவில் அவருக்கு எப்படிப்பட்ட வரவேற்பு இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சொந்த ஊருக்கு வந்து 1925 மே மாதம் மணிலாவிலேயே பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டரை மாதங்களுக்குள் அவர் இறந்துவிட்டார். அடியால் அல்ல, ஒரு கடைவாய்ப் பல்லால்.

1925 ஜூலை 4, கலிஃபோர்னியாவில் ஜிம்மி மெக்லார்னின் என்ற 17 வயதுப் பையனோடு சண்டை. பட்டத்துக்கான போட்டி அல்ல. வில்லாவுக்கு ஞானப்பல்லில் சீழ் வைத்து முகம் வீங்கியிருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டு அந்த வலியோடு ரிங்கில் ஏறினார். ஒரு கை வீங்கிய தாடையைக் காக்க, மறு கை மட்டுமே சண்டைக்கு. தோற்றார். பிறகு மேலும் பற்களைப் பிடுங்கினார்கள். ஓய்வெடுக்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. சீழ் தொண்டைக்கு இறங்கியது. ஜூலை 14 அன்று சான் பிரான்சிஸ்கோவில், அறுவைச் சிகிச்சையின்போது உயிர் பிரிந்தது. 24 வயது நிறைய இரண்டு வாரங்கள்கூட மீதமில்லை... இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும், 18 நாட்கள் இருந்தன. அப்போதும் அவர்தான் உலகச் சாம்பியன். பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-ல். அது நோயாளிகளின் கைக்கு வந்தது 1940-களில். இன்று மாத்திரையில் அடங்கக்கூடிய சீழ் அன்று ஒரு சாம்பியனைக் கொண்டுபோனது. வீட்டில் பல்வலி என்று பிள்ளை சொன்னால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள் என்று விட்டுவிடாதீர்கள். வீக்கம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சரி, தராசுக்கு வருகிறேன். வைல்டும் வில்லாவும் பிறவியிலேயே ஃப்ளைவெயிட்காரர்கள். பின்னால் வந்தவர்களில் பலர் பட்டினியால் ஃப்ளைவெயிட் ஆனவர்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பென்னி லிஞ்ச் 1935-ல் உலகப் பட்டம் வாங்கினார். 1938 ஜூனில் பட்டத்தைக் காக்கத் தராசில் ஏறியபோது ஆறரை பவுண்டு கூடுதல். பட்டம் தராசிலேயே போயிற்று. அன்றிரவு சண்டையில் ஜெயித்தார், பட்டம் திரும்பவில்லை. குடியும் அவரைத் தின்றது. 33 வயதில் இறந்தார்.

மேனி பாக்கியாவோவை உங்கள் வீட்டு இளைஞர்கள் அறிவார்கள். அவரும் பிலிப்பைன்ஸ்காரர். 1998 டிசம்பரில் தாய்லாந்தின் சட்சாய் சசகுலை வீழ்த்தி ஃப்ளைவெயிட் பட்டம் வாங்கினார். வளர்கிற வயது. 1999 செப்டம்பரில் எடை இறங்கவில்லை. பட்டம் தராசில் போனது, சண்டையிலும் மூன்றாவது சுற்றில் விழுந்தார். அதன் பிறகு தன்னை வருத்திக்கொள்ளாமல் 122 பவுண்டுப் பிரிவுக்கு ஏறினார். அதற்கப்புறம் அவர் அடைந்த உயரம் உலகம் அறிந்தது. எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம். 40 வயதில் இன்னும் கனமான வெல்டர்வெயிட் பிரிவில் ஜெயித்தார். உடம்பு கேட்கும் எடைக்கு அதை விட்டார், உடம்பு அவருக்குக் கைகொடுத்தது.

இதைப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் காதில் வாங்க வேண்டும். ஒரு பையன் என் கண்ணில் இன்னும் நிற்கிறான். சித்திரை வெயில், நகரி மூக்குமலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கிறது. இவன் ரெயின்கோட் போட்டு, பித்தானெல்லாம் மாட்டி, ஏகாம்பரகுப்பம் சாலையில் ஓடுகிறான். நிறுத்திக் கேட்டேன். மாவட்டப் போட்டிக்கு இரண்டு கிலோ குறைய வேண்டுமாம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பேச வாயெடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கையைப் பிடித்துப் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். தோல் கிள்ளியபடியே நின்றது, இறங்கவில்லை. அவனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். மேல் பிரிவில் அவனைப் பதிவு செய்யச் சொல்லி அவன் அப்பாவோடு வெகுநேரம் வாதாடினேன்.

அவன் குறைத்துக்கொண்டிருந்தது கொழுப்பை அல்ல, நீரை. நீர் வற்றிய உடம்பில் ரத்தம் கெட்டிப்படும், இதயம் படபடக்கும், சிறுநீரகம் தவிக்கும். நீர் வற்றிய நிலையில் தலையில் அடி விழுவது பேராபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தொழில்முறைச் சண்டைகளில் முன்பெல்லாம் சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். பிறகு முந்தைய நாளே பார்க்கும் வழக்கம் வந்தது. இடையில் தண்ணீர் குடித்துத் தேறிக்கொள்ளலாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஒரு நாள் கிடைக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் அதிகமாகக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். 2015 டிசம்பரில் அதே மணிலாவில், குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியின் ஃப்ளைவெயிட் பிரிவில் மோதவிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கும் முயற்சியிலேயே சுருண்டு விழுந்து இறந்தார். 21 வயது. ரிங்கில் ஏறவே இல்லை. அதன் பிறகு அந்தப் போட்டி அமைப்பு, நீரை வற்றவைத்து எடை குறைப்பதையே தடை செய்தது. மற்ற அமைப்புகளும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் வெகுநாளாகச் சொல்லி வருகிறேன். பள்ளிப் போட்டிகளில் முதலில் செய்ய வேண்டும்.

கையைப் பற்றியும் கொஞ்சம் பேச நினைத்திருந்தேன். புத்தூர் கட்டுக்கு ஊர் உலகத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிற பகுதி நம்முடையது, எலும்பு முறிவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கையில் 27 எலும்புகள். குத்து ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் இறங்க வேண்டும். சுண்டு விரல் பக்கம் இறங்கினால் புறங்கை எலும்பு முறியும். அதனால் துணி சுற்றும்போது முதலில் மணிக்கட்டை இறுக்குங்கள், பிறகு முட்டிகள். வீக்கம் வந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மற்றதை விரிவாகச் சொல்ல நேரம் இல்லை, இங்கே கைகாட்டுகிறார்கள்.

பெண்களைப் பற்றி இரண்டு வார்த்தை. மேரி கோம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். அவருடைய இயல்பான எடை அதைவிடக் குறைவு. அன்று பெண்களுக்கு 51, 60, 75 என்று மூன்றே பிரிவுகள்தான் வைத்திருந்தார்கள், அதனால் ஏறி வந்து மோதினார். தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் பிறந்த நிகத் சரீன் 2022-ல் 52 கிலோவிலும், 2023-ல் 50 கிலோவிலும் உலகப் பட்டம் வாங்கியவர். ஆண் ஃப்ளைவெயிட் சாம்பியன்களில் அர்ஜென்டினாவின் பாஸ்குவால் பெரெஸ், 14 முறை பட்டத்தைக் காத்த மெக்சிகோவின் மிகேல் காண்டோ, இவர்களுக்கு இன்று இடம் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான். வாய்ப்புக் கிடைத்தால் காண்டோவிலிருந்து தொடங்குகிறேன்.

பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர், பதிவுப் படிவத்தில் எடை எழுதும் முன் காலையில் வெறும் வயிற்றில் ஒரு வாரம் எடை பார்த்து, அதற்குரிய பிரிவையே எழுதுங்கள். நன்றி, வணக்கம்.