அந்த ஜிப் கோப்பு எங்கிருந்து வந்தது

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள், இந்த ஓரத்தில் நாலைந்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. ஐ.டி.இ.ஏ. என்ற ஐரோப்பிய சாஃப்ட்வேர் ஆராய்ச்சித் திட்டத்தைப் பற்றிப் பேச வந்தேன், ஒரு ஜிப் கோப்பிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கே கார் கம்பெனிகளுக்கு சிமுலேஷன் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்? சரி, ஏழெட்டுக் கை தெரிகிறது. உங்களில் எஃப்.எம்.யூ. கோப்பை, அதாவது ஒரு இயந்திரத்தின் கம்ப்யூட்டர் மாடலை வேறு சாஃப்ட்வேரிலும் ஓடும்படி கட்டித் தருகிற கோப்பை, தொடாதவர் இருக்க மாட்டார். ஆனால் அதை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை ஜிப் என்று மாற்றுங்கள், சாதாரண ஜிப் மாதிரியே திறந்துகொள்ளும். உள்ளே எடுத்த எடுப்பில் ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பு இருக்கும், இந்த மாடலுக்குள் என்ன போகலாம், என்ன வெளியே வரும், எது எந்த அலகில் என்று வரிவரியாக எழுதியிருக்கும். பக்கத்தில் பைனரிஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று கம்பைல் செய்த லைப்ரரி. முக்கியமான சாமான் அவ்வளவுதான். பார்த்தால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும்.

இது இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கார் கம்பெனி எஞ்சின் மாடலை ஒரு சாஃப்ட்வேரில் வைத்திருக்கும், கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறவர் இன்னொரு சாஃப்ட்வேரில் வைத்திருப்பார், பிரேக்காரர் மூன்றாவது ஒன்றில். மூன்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தால்தான் கார் மேட்டில் ஏறும்போது இழுக்கிறதா குலுங்குகிறதா என்று தெரியும். சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக ஒரு இணைப்பு எழுத வேண்டும். 10 சாஃப்ட்வேர் இருந்தால் ஜோடிக்கு ஒன்று என்று வைத்தாலே 45 இணைப்பு. அதில் ஒன்றுக்குப் புது வெர்ஷன் வந்தால் அதோடு தொட்ட ஒன்பதும் உடையும். அதைவிடப் பெரிய சிக்கல், கியர்பாக்ஸ்காரர் தன்னுடைய சமன்பாடுகளைக் கொடுக்க மாட்டார். கொடுக்கவும் கூடாது, பல வருஷம் உழைத்துச் சேர்த்த தொழில் ரகசியம் அது. எஃப்.எம்.யூ.வில் அந்தச் சமன்பாடு கம்பைல் ஆகி உள்ளே மறைந்துவிடுகிறது, வெளியே தெரிவது எக்ஸ்.எம்.எல்.லில் சொன்ன வாசல்கள் மட்டும். கார் கம்பெனி வாசலில் நின்று "ஒரு மில்லி செகண்ட் முன்னே போ" என்று ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, கியர்பாக்ஸ் ஒரு அடி நகர்ந்து விடையைக் கொடுக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எஃப்.எம்.ஐ., அதாவது ஃபங்ஷனல் மாக்-அப் இன்டர்ஃபேஸ்; அதன்படி செய்த கோப்புதான் எஃப்.எம்.யூ. மாடல்களைப் பரிமாறுவதில் இருந்த தலைவலி தாங்காமல் இதற்கு முதல் அடி எடுத்து வைத்தது ஜெர்மன் கார் கம்பெனி டெய்ம்லர். ஆனால் ஒரு கம்பெனி நினைத்தால் எல்லோருக்கும் பொதுவான இணைப்பு வந்துவிடாது, பக்கத்துக் கம்பெனி ஏற்க வேண்டுமே. 2008 முதல் 2011 வரை மாடலிசார் என்று ஒரு கூட்டுத் திட்டம் நடந்தது, டசோ சிஸ்டம்ஸ் என்ற பிரெஞ்சு சாஃப்ட்வேர் கம்பெனியின் தலைமையில், சுமார் 30 பங்காளிகள். சந்தையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களும் அதில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 2010-இல் எஃப்.எம்.ஐ.யின் முதல் பதிப்பு வெளியானது. அந்த மேசையைப் போட்டுக்கொடுத்தது நான் பேச வந்த ஐ.டி.இ.ஏ.தான்.

இதன் வேரைத் தேடினால் 1985-க்குப் போக வேண்டும். அமெரிக்கா விண்வெளிப் பாதுகாப்பு என்று பெரும் பணத்தைத் தொழில்நுட்பத்தில் கொட்டத் தொடங்கிய நேரம். ஐரோப்பா பின்தங்கிவிடும் என்று பிரெஞ்சு அதிபர் மித்தராண்ட் கவலைப்பட்டார். அந்த ஜூலையில் பாரிஸில் 17 நாடுகளும் ஐரோப்பிய ஆணையமும் கூடி யுரேகா என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. இராணுவத்துக்கு இல்லை, பொதுமக்கள் வாங்கக்கூடிய பொருள்களுக்கு. என்ன ஆராய்ச்சி செய்வது என்று மேலிருந்து யாரும் சொல்ல மாட்டார்கள், தொழிலில் இருப்பவர்களே யோசனையோடு வர வேண்டும். இந்த யுரேகாவின் கீழ் சாஃப்ட்வேருக்கென்று 1990-களின் கடைசியில் தொடங்கியதுதான் ஐ.டி.இ.ஏ. 2006-இல் இரண்டாம் கட்டம், 2014-இல் மூன்றாம் கட்டம், 2021 முதல் நான்காம் கட்டம் என்று கால் நூற்றாண்டாக நடக்கிறது. அலுவலகம் நெதர்லாந்தின் ஐந்தோவனில்.

பலரும் இதைப் பிரஸ்ஸல்ஸ் பணம், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றியத்தின் ஹொரைசன் என்ற ஆராய்ச்சி நிதித் திட்டத்தோடு குழப்பிக்கொள்வதால் வருகிற நினைப்பு அது. ஹொரைசன் என்றால் பொதுவான ஒரு கஜானா, அங்கே மனுப் போட்டு அங்கேயே வாங்கலாம். ஐ.டி.இ.ஏ.வுக்கென்று கஜானாவே கிடையாது. வருஷத்துக்கு ஒரு அழைப்பு வரும். முதலில் சுருக்கமாக ஒரு வரைவு, அது தேறினால் முழு புரொபோசல். அதுவும் தேறினால் லேபிள் கொடுப்பார்கள். லேபிள் என்றால் "இது நல்ல திட்டம்" என்ற முத்திரை, பணம் இல்லை. அந்த முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பின்லாந்துக்காரர் பின்லாந்து அரசிடமும், துருக்கிக்காரர் துருக்கி அரசிடமும், ஸ்பெயின்காரர் ஸ்பெயின் அரசிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசுதவி விதிப்படி சந்தைக்கு அருகே இருக்கிற உருவாக்க வேலைக்கு அடிப்படை உச்சவரம்பு செலவில் 25%, தொழில்சார் ஆராய்ச்சிக்கு 50%. சின்னக் கம்பெனிக்கும் கூட்டு வேலைக்கும் மேலே கொஞ்சம் கூடும். மிச்சத்தைக் கம்பெனி தன் கையிலிருந்து போட வேண்டும். இது நல்ல விஷயம் என்றுதான் நான் சொல்வேன். கைக்காசு போகிறவன் தேவையில்லாத ஆராய்ச்சிக்கு வர மாட்டான்.

கெட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் நேரடியாக அடிபட்டிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த சின்னக் கம்பெனி மூன்று நாட்டுக் கூட்டு ஒன்றில் சேர்ந்தது. லேபிள் கிடைத்த அன்று கேக் வெட்டினோம். ஒரு நாட்டு அரசு மூன்று மாதத்தில் சரி என்றது. நாங்கள் இருந்த நாடு ஆறு மாதத்தில் சரி என்றது. மூன்றாவது நாடு கிட்டத்தட்ட ஒரு வருஷம் இழுத்து, அந்த வருஷப் பட்ஜெட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. சோதனை மேடையை எழுத வேண்டிய பங்காளி அந்த நாட்டுக்காரர். அவர் போனதும் அவருடைய வொர்க் பேக்கேஜை எங்களுக்குள் பிரித்துக்கொண்டு, புரொபோசலைத் திருப்பி எழுதி, முதல் நாட்டில் ஏற்கெனவே வேலை தொடங்கிவிட்டவர்களைக் காத்திருக்கச் சொல்லி... அந்தத் திட்டத்துக்கென்றே எடுத்த இரண்டு பேர் இதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் பட்ஜெட் காலம், அதனதன் விருப்பம். கன்சார்டியக் கூட்டங்களில் இதை சிங்க்ரனைசேஷன் பிரச்சினை என்பார்கள். ஐ.டி.இ.ஏ.வின் முன்னேற்றத்தைப் பற்றி யார் என்ன அறிக்கை எழுதினாலும் நான் முதலில் இதைத்தான் தேடிப் படிப்பேன்: லேபிள் வாங்கியதில் எத்தனை, எல்லா நாட்டிலும் பணம் கிடைத்து, எழுதியபடியே நடந்தது?

சரி, கார் பக்கம் திரும்புவோம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நல்ல காரில் பல டஜன் சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சப்ளையர் தன் இஷ்டத்துக்கு எழுதினார். ஜன்னலுக்கு எழுதிய சாஃப்ட்வேரை வேறு சிப்பில் போட வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டும். 2001-இல் ஐ.டி.இ.ஏ.வின் கீழ் ஈஸ்ட்-ஈ.ஈ.ஏ. என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்வீடன் நாட்டுக் கார் கம்பெனிகளும் சப்ளையர்களும் கூடி, வன்பொருளுக்கும் பயன்பாட்டுக்கும் நடுவில் பொதுவாக ஒரு அடுக்கு வைத்தால் என்ன என்று மூன்று வருஷம் யோசித்தார்கள். அது முடிவதற்குள்ளேயே, 2003-இல், கார் சாஃப்ட்வேருக்குப் பொதுத் தரம் வகுக்கிற ஆட்டோசார் கூட்டமைப்பு பிறந்துவிட்டது. பி.எம்.டபிள்யூ., பாஷ், கான்டினென்டல், டெய்ம்லர்கிரைஸ்லர், ஃபோக்ஸ்வாகன் எல்லாம் அதில் முதல் வரிசை. தரத்தில் ஒத்துழைப்போம், செய்து காட்டுவதில் போட்டியிடுவோம் என்பதுதான் அவர்களுடைய வாசகம். ஈஸ்ட்-ஈ.ஈ.ஏ. இல்லாமல் ஆட்டோசார் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு வேறு பல தகப்பன்களும் உண்டு. ஆனால் போட்டிக் கம்பெனிப் பொறியாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பலகையில் வரைந்து பழகியிருந்தார்கள், அந்தப் பழக்கத்துக்கு மதிப்பு உண்டு. இன்றைக்குக் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் எத்தனை இளைஞர்களுடைய ரெசியூமேயில் ஆட்டோசார் என்ற சொல் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், என் தங்கை மகன் உள்பட.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஐ.டி.இ.ஏ.வின் ஆரம்ப ஆண்டுகளில் ஈசாப்ஸ், கஃபே, ஃபேமிலீஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று திட்டம் நடந்தது. ஒரே சாஃப்ட்வேரிலிருந்து ஒரு குடும்பமாகப் பல பொருள்களை எப்படி எடுப்பது என்பதுதான் மூன்றுக்கும் கேள்வி. பிலிப்ஸ், நோக்கியா மாதிரியானவர்கள் அதில் இருந்தார்கள். மூன்றும் தனித்தனித் திட்டம், தனித்தனிப் பணம், ஆனால் ஆள்கள் பெரும்பாலும் அதே ஆள்கள். முதல் திட்டத்தில் கிடைத்த பாடம் மூன்றாவதுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

பணம் கொடுக்கிறவர்களோடு எனக்கு இருக்கிற ஒரே சண்டை இங்கேதான். திட்டம் முடிகிற மாதம் ரிவ்யூ வைக்கிறார்கள். டெமோ ஓடுகிறதா, டெலிவரபிள் எல்லாம் வந்ததா, எத்தனை மனித-ஆண்டு செலவானது என்று கேட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்கள். எஃப்.எம்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கடைசியில் மாடலிசார் முடிந்தது, பணமும் முடிந்தது. அன்றைக்கு அந்த இணைப்பை ஓரளவு ஒழுங்காகத் தாங்கிய சாஃப்ட்வேர்களைப் பெரிய சிரமமில்லாமல் எண்ணிவிடலாம். அதற்குமேல் அதை, மாடல் எழுதும் மொழியான மாடலிக்காவைப் பராமரிக்கிற மாடலிக்கா அசோசியேஷன் என்ற லாப நோக்கமற்ற சங்கம் ஏற்றுக்கொண்டது. ஒரு சாஃப்ட்வேர் வெளியே விட்ட கோப்பு இன்னொன்றில் ஓடுகிறதா என்று மாற்றி மாற்றிச் சோதிக்கும் வேலையைக் கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பொறுமையாகச் செய்தார்கள். 2014-இல் இரண்டாம் பதிப்பு, 2022 மே மாதம் மூன்றாம் பதிப்பு. இன்று இதைத் தாங்குகிற சாஃப்ட்வேர் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. மாடலிசார் நடந்த மூன்றரை வருஷத்தைவிட அது முடிந்த பிறகு வந்த வருஷங்களில்தான் இது உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சங்கம் தயாராக இல்லாமல் போயிருந்தால்? முதல் பதிப்பு இணையத்தில் ஒரு பி.டி.எஃப். ஆகக் கிடந்திருக்கும். அதனால்தான் புரொபோசல் எழுதுகிற இளைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: திட்டம் முடிந்த மறுநாள் இதை யார் வீட்டில் வைப்பீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள், சங்கத்தின் பெயரோடு எழுதுங்கள். அரசுகளிடமும் கேட்கிறேன், புதிய திட்டத்துக்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கை முடிந்த திட்டத்தின் பராமரிப்புக்குக் கொடுங்கள்.

இப்போது யுரேகாவில் தென் கொரியாவும் கனடாவும் இருக்கின்றன, ஐ.டி.இ.ஏ. கூட்டுகளில் அவர்களும் பங்காளிகள். ஐரோப்பியத் திட்டம் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாடலிசார் என்ற பெயரைக் கவனித்தீர்களா? மாடலிக்கா பாதி, ஆட்டோசார் பாதி. இயந்திரத்தின் மாடலையும் அதை ஆட்டுவிக்கிற சாஃப்ட்வேரையும் ஒன்றாக ஓட்டுவதுதான் 2008-இல் அவர்கள் கண்ட கனவு. எஃப்.எம்.ஐ. மூன்றாம் பதிப்பில் கடிகாரங்கள், நேரப்படி ஓடும் முறை என்று சேர்த்தது முக்கியமாக இதற்காகவே: காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியை வன்பொருளே இல்லாமல், அதன் சாஃப்ட்வேரோடு, ஒரு எஃப்.எம்.யூ.வுக்குள் போட்டு எஞ்சின் மாடலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். 2008-இல் கண்ட கனவு 2022-இல் அந்தப் பதிப்பு வர பதினாலு வருஷம் எடுத்திருக்கிறது. என் லேப்டாப்பில் அப்படி ஒன்று இருக்கிறது, தேநீர் நேரத்தில் வாருங்கள், உங்கள் முன்னாலேயே ஜிப்பைப் பிரித்துக் காட்டுகிறேன்.